ஒரு மில்லிமீட்டர்ல என்ன இருக்கு? தோட்டாவுக்குள்ள குண்டு உட்காரும் ஆழம்



உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் ரோட்டைப் பிடித்தால் எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி என்று வரிசையாக வரும். அதற்கு மேற்கே கல்வராயன் மலை. இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பேப்பரில் பழகிப்போன ஒரு செய்தி உண்டு: மலைக்கிராமத்தில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி பறிமுதல், இல்லையென்றால் "வைத்திருப்பவர்கள் தாங்களாகவே ஒப்படையுங்கள்" என்று போலீஸ் அறிவிப்பு.

இப்போ அதே போனில் யூடியூப் திறந்து பாருங்க. அமெரிக்காவில் ஒருத்தர் டேபிள் மேல ஒரு பிரஸ் வைத்து, வெர்னியர் காலிப்பர் வைத்து, சொந்தமாகத் தோட்டா செய்துகொண்டிருப்பார். அதை ஹேண்ட்லோடிங் என்பார்கள். "இந்தக் குண்டை இன்னும் 0.025 மில்லிமீட்டர் உள்ளே தள்ளணும்" என்று சீரியஸாகப் பேசுவார். ஒரு ஏ4 பேப்பரின் தடிமனே சுமார் 0.1 மில்லிமீட்டர். அதில் கால் பங்குக்கு இவ்வளவு அலட்டலா?

அலட்டல் இல்லை. அந்த அமெரிக்கர் கவலைப்படுகிற விஷயமும், மலையில் ஒரு நாட்டுத் துப்பாக்கி கையிலேயே வெடித்துப் போகிற விஷயமும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள். வெடிமருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கு என்பதுதான் அந்தப் பாடம். நம்ம சிலபஸில் இருக்கிற தெர்மோடைனமிக்ஸை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஒன்று முதலிலேயே சொல்லிடறேன். இது தோட்டா செய்யும் ரெசிபி கிடையாது. எந்த மருந்து, எத்தனை கிராம் என்பதெல்லாம் இதில் வராது. நம்ம நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் அதைச் செய்வது குற்றம். அது பற்றியும் கடைசியில் பேசுவோம்.

முதலில் தோட்டாவைப் பிரிப்போம்

சினிமாவில் "ஆறு புல்லட்" என்று சொல்லும்போது அவர்கள் காட்டுவது முழுத் தோட்டாவை. உண்மையில் ஒரு தோட்டாவில் நாலு பொருள் இருக்கு. பித்தளைக் கேஸ், அடியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகியிருக்கும் குண்டு. பறந்து போவது குண்டு மட்டும்தான். கேஸ் துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே விழுந்துவிடும்.

டிரிக்கரை அழுத்தினால் ஊசி பிரைமரைத் தட்டும். பிரைமர் தீப்பொறி கக்கும். மருந்து எரிந்து வாயுவாகும். வாயு குண்டைத் தள்ளும். பிஸ்டன் இன்ஜின் படித்தவர்களுக்கு இது அப்படியே தெரிந்த கதை. குழல்தான் சிலிண்டர், குண்டுதான் பிஸ்டன். ஒரே வித்தியாசம், இந்தப் பிஸ்டன் திரும்பி வராது.

ஐ.சி. இன்ஜின் பேப்பரில் கிளியரன்ஸ் வால்யூம் என்று ஒன்று படித்தோமே, பிஸ்டன் மேலே முட்டி நிற்கும்போது மிச்சம் இருக்கிற இடம். தோட்டாவிலும் அதே மாதிரி ஒரு இடம் உண்டு. குண்டின் அடிப்பகுதிக்குக் கீழே, கேஸுக்குள்ளே இருக்கிற கொள்ளளவுதான் அது. குண்டை ஆழமாக உட்கார வைத்தால் அந்த இடம் குறையும். மேலே தூக்கி உட்கார வைத்தால் கூடும். சீட்டிங் டெப்த் என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

எதிலிருந்து எது வரை அளப்பது?

இங்கே நிறைய பேர் மூன்று அளவைப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். தனித்தனியாகப் பார்த்துவிடுவோம்.

முதல் அளவு, தோட்டாவின் மொத்த நீளம். கேஸின் அடியிலிருந்து குண்டின் நுனி வரை. .308 வின்செஸ்டர் என்கிற ரைஃபிள் தோட்டாவுக்கு அமெரிக்க ஸ்டாண்டர்டு அமைப்பான சாமி வைத்திருக்கும் அதிகபட்ச நீளம் 2.810 அங்குலம், அதாவது 71.4 மில்லிமீட்டர். இன்சாஸ் ரைஃபிளில் போடுகிற 5.56 தோட்டாவின் நீளம் சுமார் 57.4 மில்லிமீட்டர். இதைத் தாண்டினால் மேகசினுக்குள்ளேயே போகாது.

இரண்டாவது அளவு, குண்டின் வளைவிலிருந்து குழலின் ரைஃப்லிங் தொடங்கும் இடம் வரை உள்ள தூரம். குழலுக்குள் ஸ்பைரல் மாதிரி மேடும் பள்ளமும் வெட்டியிருப்பார்கள். அதுதான் குண்டைச் சுழல வைக்கிறது. தோட்டா சேம்பரில் படுத்திருக்கும்போது குண்டு அந்த மேட்டைத் தொடாது. கொஞ்சம் இடைவெளி இருக்கும். சுட்டதும் குண்டு கேஸிலிருந்து கழன்று, அந்த இடைவெளியைத் தாண்டிப் போய் மேட்டில் மாட்டிக்கொள்ளும். அந்தத் தாவலுக்கு ஜம்ப் என்று பேர்.

மூன்றாவது அளவு, ஹெட்ஸ்பேஸ். இது கேஸ் சேம்பருக்குள் எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது என்பது. குண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. குண்டை எவ்வளவு தள்ளினாலும் ஹெட்ஸ்பேஸ் மாறாது. வைவாவில் கேட்டால் தடுமாறாதீங்க.

மொத்த நீளத்தை வைத்துக்கொண்டு ஜம்ப்பைச் சொல்ல முடியுமா? துல்லியமாக முடியாது. குண்டின் நுனி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ரைஃப்லிங்கில் முதலில் தொடப்போவது நுனி இல்லை, அதற்குக் கீழே இருக்கும் வளைவு. அதனால் விஷயம் தெரிந்தவர்கள் நுனியை விட்டுவிட்டு, வளைவில் ஒரு குறிப்பிட்ட விட்டம் வரும் இடத்திலிருந்து அளப்பார்கள். மெட்ராலஜி லேபில் "டேட்டம் எங்கே என்று முதலில் முடிவு பண்ணு" என்று சொல்லிக்கொடுப்பது இதுக்குத்தான். தப்பான டேட்டத்திலிருந்து எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் வருவது தப்பான அளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு

இப்போ கால்குலேட்டர் எடுங்க. ஒரு மில்லிமீட்டர் ஆழமாகத் தள்ளினால் எவ்வளவு இடம் போகும்?

.308 குண்டின் விட்டம் 7.82 மில்லிமீட்டர். குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 48 சதுர மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் 48 கன மில்லிமீட்டர், அதாவது 0.048 மில்லி லிட்டர் காலி. இந்தக் கேஸின் உள்கொள்ளளவு சுமார் 3.6 மில்லி. குண்டு ஏற்கெனவே அடைத்திருக்கும் இடத்தைக் கழித்தால் சுமார் 3.2 மில்லி மிச்சம். 0.048ஐ 3.2ஆல் வகுத்தால் 1.5 சதவீதம்.

அடுத்து 9 மி.மீ. பிஸ்டல் தோட்டா. குண்டின் விட்டம் 9.02 மில்லிமீட்டர். பரப்பு சுமார் 64 சதுர மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு 0.064 மில்லி போகும். ஆனால் இந்தக் குட்டிக் கேஸில் குண்டுக்கு அடியில் மிச்சம் இருப்பதே சுமார் 0.6 மில்லிதான். வகுத்துப் பாருங்க. பத்து சதவீதத்துக்கும் மேல வரும்.

அதே ஒரு மில்லிமீட்டர்தான். ஒரு இடத்தில் 1.5 சதவீதம், இன்னொரு இடத்தில் 10 சதவீதம். குடத்திலிருந்து ஒரு கரண்டி தண்ணீர் எடுத்தால் யாருக்கும் தெரியாது. டம்ளரிலிருந்து அதே கரண்டி எடுத்தால் பளிச்சென்று தெரியும்.

அதனால்தான் பிஸ்டல் தோட்டாவில் குண்டு உள்ளே இறங்கிப் போவதைப் பெரிய ஆபத்தாகப் பார்க்கிறார்கள். ஒரே தோட்டாவைத் தினமும் சேம்பரில் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி வைத்தால், ஒவ்வொரு முறையும் மோதி மோதிக் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். வெளியிலிருந்து பார்த்தால் அதே தோட்டாதான். உள்ளே மருந்தும் அதே அளவுதான். ஆனால் அது பழைய தோட்டா இல்லை.

10 சதவீதம் இடம் குறைந்தால் 10 சதவீதம் அழுத்தம் கூடுமா?

ஐடியல் கேஸ் சமன்பாட்டை அப்படியே போட்டால் அப்படித்தான் தோணும். நிஜத்தில் அதைவிட அதிகமாகவே கூடும். இரண்டு காரணம்.

முதல் காரணம், இங்கே ஐடியல் கேஸ் விதி சரிப்பட்டு வராது. .308 தோட்டாவுக்கு சாமி அனுமதிக்கும் அதிகபட்ச சராசரி அழுத்தம் 62,000 பி.எஸ்.ஐ. உங்க கார் டயரில் இருப்பது 32 பி.எஸ்.ஐ. கிட்டத்தட்ட 1,900 மடங்கு. இவ்வளவு நெருக்கத்தில் வாயு மூலக்கூறுகளே ஒரு இடத்தை அடைத்துக்கொள்ளும். நிஜமான காலியிடம் என்பது கொள்ளளவிலிருந்து மூலக்கூறுகள் அடைக்கும் இடத்தைக் கழித்தது. இதுதான் நோபிள்-ஏபல் சமன்பாடு. ஆண்ட்ரூ நோபிள், ஃபிரெடரிக் ஏபல் என்ற இருவரின் பெயரில் இருப்பது. மிச்ச இடமே கம்மி என்கிறபோது, அதிலிருந்து கொஞ்சம் எடுத்தாலும் சதவீதக் கணக்கில் அது பெரிய இழப்பு.

அந்த ஏபல் நமக்கு ரொம்பத் தூரத்து ஆள் இல்லை. ஜேம்ஸ் டிவாரோடு சேர்ந்து 1889-ல் கார்டைட் என்கிற புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். குன்னூர் பக்கத்தில், ஊட்டி ரயில் போகிற பாதையில் அருவங்காடு என்று ஒரு ஸ்டேஷன் வரும். அங்கே இருக்கிற தொழிற்சாலையின் பேர் கார்டைட் ஃபேக்டரி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் தொடங்கியது. 2021 அக்டோபரிலிருந்து மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்கிற அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கு. பேரில் இருக்கிற கார்டைட் அந்த ஏபலோட கார்டைட்தான்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். மருந்து எரிகிற வேகம் நிலையானது இல்லை. சுற்றி இருக்கும் அழுத்தம் கூடினால் எரிகிற வேகமும் கூடும். பிரான்ஸ் நாட்டின் பால் வியேய் சொன்ன விதி இது. 1884-ல் முதல் வெற்றிகரமான புகையில்லா ரைஃபிள் மருந்தைத் தயாரித்தவர் அவர். விதியை எளிமையாகச் சொன்னால், எரியும் வேகம் என்பது அழுத்தத்தின் ஒரு அடுக்குக்கு நேர் விகிதம்.

இப்போ சங்கிலியைப் பாருங்க. இடம் குறைந்தது. அழுத்தம் கொஞ்சம் சீக்கிரமாக ஏறியது. அதனால் மருந்து வேகமாக எரிந்தது. அதனால் வாயு இன்னும் சீக்கிரம் வந்தது. அதனால் அழுத்தம் இன்னும் ஏறியது. குண்டு நகர்ந்து இடம் கொடுப்பதற்குள் இது நடந்துவிடும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் பாசிட்டிவ் ஃபீட்பேக் என்று படித்தோம் இல்லையா, அதேதான். மைக்கை ஸ்பீக்கர் பக்கத்தில் கொண்டுபோனால் "கீ" என்று கத்துமே, அந்த மாதிரி.

ரைஃபிளில் ஒரு ட்விஸ்ட்

இதுவரை படித்ததை வைத்து "அப்போ குண்டை எவ்வளவு வெளியே வைக்கிறோமோ அவ்வளவு நல்லது" என்று முடிவு பண்ணிடாதீங்க. ரைஃபிளில் வெளியே வைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் குண்டு ரைஃப்லிங் மேட்டைத் தொட்டுவிடும். அப்போ ஜம்ப் பூஜ்ஜியம். அங்கே அழுத்தம் குறையாது, திரும்பக் கூடும்.

ஏன்? ஸ்பீட் பிரேக்கரை நினைத்துப் பாருங்க. பைக்கின் முன் சக்கரம் ஸ்பீட் பிரேக்கரை முட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கிருந்து கிளப்பினால் ஆக்சிலேட்டரை நிறைய முறுக்க வேண்டும். இரண்டடி பின்னாலிருந்து வந்தால் சாதாரணமாக ஏறிவிடும். குண்டுக்கும் அதேதான். ரைஃப்லிங் மேடு குண்டின் உடம்பில் வரி வெட்டியாக வேண்டும். ஓடி வந்து மோதினால் அது லேசாக முடியும். முட்டிக்கொண்டு நின்றால், குண்டு நகர ஆரம்பிப்பதற்கே அதிக அழுத்தம் தேவை. அந்த நேரமெல்லாம் மருந்து அதே சின்ன இடத்துக்குள் எரிந்துகொண்டிருக்கும். மேலே சொன்ன ஃபீட்பேக் சங்கிலி மறுபடியும் ஆரம்பம்.

ஆக ரைஃபிளில் இரண்டு விளைவுகள் எதிரெதிராக இழுக்கின்றன. ஆழமாகப் போனால் இடம் குறைவதால் அழுத்தம் கூடும். வெளியே வந்து மேட்டைத் தொட்டால் நகரத் தாமதமாவதால் அழுத்தம் கூடும். நடுவில் ஒரு நல்ல இடம் இருக்கும். ராய் வெதர்பி என்பவர் 1945-ல் தொடங்கிய அமெரிக்க ரைஃபிள் நிறுவனம், சேம்பருக்கும் ரைஃப்லிங்குக்கும் நடுவில் வேண்டுமென்றே நீண்ட வெற்றிடம் விட்டுத் துப்பாக்கி செய்தது இதற்காகத்தான். குண்டு ஓடி வர இடம் கொடுத்தால் உச்ச அழுத்தம் குறையும்.

நம்ம ஆப்டிமைசேஷன் பாடத்தில் மினிமம் எப்போதும் ஓரத்தில் இருக்காது, நடுவில் எங்கேயோ இருக்கும் என்பார்களே, அதுக்கு இது நல்ல உதாரணம்.

அப்போ 0.025 மில்லிமீட்டர் கவலை எதுக்கு?

அது பாதுகாப்புக்காக இல்லை, குறி தப்பாமல் இருக்க. சுடும்போது குழல் ஒரு கம்பி மாதிரி அதிரும். குழலின் வாய் மேலும் கீழும் லேசாக ஆடும். குண்டு ஒவ்வொரு முறையும் அந்த ஆட்டத்தின் ஒரே கட்டத்தில் வெளியே வந்தால் எல்லாக் குண்டும் ஒரே இடத்தில் விழும். அழுத்தம் மாறினால் குண்டின் வேகம் மாறும், வெளியே வரும் நேரமும் மாறும். ஜம்ப் மாறினால் குண்டு ரைஃப்லிங்கில் நேராக நுழைவதும் மாறும். அதனால் போட்டியில் சுடுபவர்களுக்கு ஆழம் இவ்வளவு என்பதைவிட, எல்லாத் தோட்டாவிலும் ஒரே ஆழம் என்பதுதான் முக்கியம். எஸ்.பி.சி. சார்ட் போடும்போது ஆவரேஜ் மட்டும் பார்க்காதே, ஸ்ப்ரெட்டையும் பார் என்று சொல்வது இதுவேதான்.

என்.சி.சி.யில் இருக்கிறவர்கள் ஃபயரிங் ரேஞ்சில் .22 ரைஃபிள் சுட்டிருப்பீங்க. அந்தத் தோட்டாவில் இந்தத் தலைவலி எதுவும் உங்களுக்கு இல்லை. குண்டின் ஆழத்தை ஃபேக்டரியிலேயே முடிவு பண்ணி, கேஸின் விளிம்பை நெளித்து இறுக்கி அனுப்பிவிடுவார்கள். நீங்கள் குறி பார்த்தால் போதும்.

ஃபேக்டரி எவ்வளவு தூரம் மெனக்கெடும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் .303 தோட்டா. நம்ம ஊர் போலீஸ் கையில் ரொம்பக் காலம் இருந்த லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் தோட்டா அது. அதில் போட்ட கார்டைட் தூளாக இருக்காது, சேமியா மாதிரி நீள நீளக் குச்சிகளாக இருக்கும். கேஸின் கழுத்தைச் சுருக்கிய பிறகு அந்தக் கட்டை உள்ளே விட முடியாது. அதனால் நேரான கேஸில் குச்சிக் கட்டை வைத்து, மேலே ஒரு அட்டை வில்லையை வைத்து, அதற்குப் பிறகுதான் கழுத்தைச் சுருக்கிக் குண்டை உட்கார வைத்தார்கள். உள்ளே மருந்து இருக்கும்போதே பித்தளையை நெளிக்கிற வேலை! வரிசை மாறாமல், அளவு மாறாமல் லட்சக்கணக்கில் செய்தார்கள்.

இப்போ நம்ம மலைக்கு வருவோம்

நாட்டுத் துப்பாக்கியில் தோட்டாவே கிடையாது. குழலின் வாய் வழியாகக் கருமருந்து, அதன் மேல் பால்ரஸ் அல்லது ஈய ரவை, எல்லாவற்றையும் கம்பியால் இடித்து இறக்குவது. இது புதுசு இல்லை. எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம் என்று நம்ம ரோட்டில் இருக்கிற கோட்டை ஊர்களையெல்லாம் சுற்றி 18ஆம் நூற்றாண்டில் கர்நாடகப் போர்கள் நடந்தபோது சிப்பாய்கள் கையில் இருந்ததும் வாய் வழியாக இடிக்கிற மஸ்கட்தான். பிரவுன் பெஸ் என்ற பிரிட்டிஷ் மஸ்கட்டின் குழல் விட்டம் 0.75 அங்குலம், அதில் போட்ட உருண்டை 0.69 அங்குலம். லொடலொடவென்று இருக்கும்.

இங்கே குண்டு உட்காரும் ஆழத்தை முடிவு பண்ணுவது எந்த ஃபேக்டரியும் இல்லை. இடிக்கிற கை. விதி ஒன்றே ஒன்றுதான்: குண்டு மருந்தின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் காற்று இடைவெளி கூடாது.

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி வரணும். இதுவரை இடம் கூடினால் அழுத்தம் குறையும் என்று படித்தோம். அப்போ மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் நல்லதுதானே?

சூப்பர் கேள்வி. ஆனால் பதில், இல்லை. ஐடியல் கேஸோ நோபிள்-ஏபலோ, இரண்டும் வாயு முழு இடத்திலும் சமமாகப் பரவி நிற்கிறது என்று நினைத்துப் போட்ட கணக்கு. குழலில் குண்டு பாதி வழியில் நின்றால் நடப்பது வேறு. வாயு அந்த வெற்றிடத்தில் ஓடி வேகம் பிடிக்கும். எதிரே குண்டு அசையாமல் நிற்கும். ஓடி வந்த வாயு அதில் மோதி, சட்டென்று நின்று, அந்த ஒரே இடத்தில் குவியும். வயலில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வைச் சட்டென்று மூடினால் பைப் "டங்" என்று அடித்து உதறுமே, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் வாட்டர் ஹேமர், அதே வேலை. குண்டு நின்ற இடத்தைச் சுற்றிக் குழல் மோதிரம் மாதிரி உப்பும். சில நேரம் கிழியும். அந்த இடத்தில்தான் பெரும்பாலும் இடது கை குழலைத் தாங்கிப் பிடித்திருக்கும்.

அதாவது மருந்தின் மேல் உட்கார்ந்தால் அது குண்டு. பாதி வழியில் நின்றால் அது அடைப்பு.

இந்த இடைவெளி எப்படி வரும்? இடிக்கும்போது பழைய கரி அடைத்துக்கொண்டு பாதியிலேயே நிற்கலாம். லொடலொட குண்டாக இருந்தால், குழலைக் கீழ்நோக்கிப் பிடித்து மலையேறி இறங்கும்போது தானே முன்னால் நகரலாம். ஒரு முறை தீப்பிடிக்காமல் போய், மறந்து மறுபடி இடித்தால் குண்டுக்கு மேல் மருந்து, அதுக்கு மேல் இன்னொரு குண்டு என்று அடுக்காகிவிடும். இதில் எதுவும் வெளியே தெரியாது. வெளிநாட்டில் பழந்துப்பாக்கி சுடும் கிளப்காரர்கள் இடிகம்பியிலேயே கோடு போட்டு வைத்து, குண்டு அடி வரை போயிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பார்கள். அவர்கள் குழல் சோதனைச் சாலையில் பாஸான குழல். ஐரோப்பிய சி.ஐ.பி. விதிப்படி, அனுமதித்த அழுத்தத்தைவிட 25 சதவீதம் அதிகமான அழுத்தத்தில் ரைஃபிளைச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள்.

நாட்டுத் துப்பாக்கியின் குழலுக்கு இந்த முத்திரை எதுவும் இல்லை. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் ஹூப் ஸ்ட்ரெஸ் படித்தோம்: அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கி, சுவரின் தடிமனால் வகுக்க வேண்டும். அந்தக் குழலின் சுவர்த் தடிமன் ஒரே சீராக இருக்கா, என்ன இரும்பு, உள்ளே எவ்வளவு துரு என்று யாருக்குமே தெரியாது. சமன்பாட்டில் மேலே இருப்பதும் தெரியாது, கீழே இருப்பதும் தெரியாது. ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி எவ்வளவு என்று கேட்டால், பதிலே கிடையாது.

சட்டம் என்ன சொல்லுது?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆவது பிரிவுப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க உரிமம் வேண்டும். 5ஆவது பிரிவுப்படி அவற்றைச் செய்ய, விற்க உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் செய்தால், 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு சிறை. அதிகபட்சம் ஆயுள். "சும்மா யூடியூப் பார்த்து ட்ரை பண்ணேன்" என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

அதே சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயமும் இருக்கு. பயிர்ப் பாதுகாப்புக்காக வாய் வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க 13ஆவது பிரிவில் வழி உண்டு. மக்காச்சோளத்தையும் மரவள்ளியையும் காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் உழுது போட்டுவிட்டுப் போகும் வலி உண்மையானது. அதைச் சட்டமும் பார்த்திருக்கு. உரிமத்தோடு வரும் துப்பாக்கிக்கு ஒரு பதிவு இருக்கும், கேள்வி கேட்க ஆள் இருக்கும். திருட்டுத்தனமாக வைத்திருப்பதில் இருக்கும் பெரிய சிக்கல், அது சரியாக இருக்கா என்று யாரிடமும் காட்டிக் கேட்க முடியாது என்பதுதான்.

சுருக்கமா

குண்டின் அடியில் இருக்கும் இடம்தான் தோட்டாவின் கிளியரன்ஸ் வால்யூம். இடம் குறைந்தால் அழுத்தம் கூடும், விகிதத்தைவிட அதிகமாகக் கூடும். சின்னக் கேஸில் இது பயங்கரம், பெரிய கேஸில் லேசு. ரைஃபிளில் குண்டு ரைஃப்லிங்கைத் தொட்டாலும் அழுத்தம் கூடும். வாய் வழியாக இடிக்கும் துப்பாக்கியில் காற்று இடைவெளி என்பது சலுகை இல்லை, அடைப்பு.

ஒரு ஹோம்வொர்க்: 5.56 தோட்டாவின் குண்டு விட்டம் 5.69 மில்லிமீட்டர், குண்டுக்கு அடியில் மிச்சம் இருக்கும் இடம் சுமார் 1.7 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடினால் எத்தனை சதவீதம் போகும்? போட்டுப் பார்த்தால் விடை .308-க்கு வந்ததற்குப் பக்கத்திலேயே வரும். ஏன் என்று யோசிங்க. குண்டும் கேஸும் சேர்ந்தே சின்னதாகியிருக்கு.

கடைசியா ஒன்று. இதைப் படிக்கிற உங்களில் யாராவது ஒருத்தரோட தாத்தா வீட்டுப் பரணிலோ, மாமா கொட்டகையிலோ ஒரு பழைய துப்பாக்கி சாத்தி வைத்திருக்கலாம். அதில் ஏற்கெனவே மருந்து இடித்து வைத்திருக்கா, குண்டு எங்கே நிற்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நீங்களாகத் திறந்தோ குத்தியோ பார்க்காதீங்க. வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாட்டர் ஹேமர் கதையை அவங்களுக்குப் புரிகிற மாதிரி, மோட்டார் பைப் உதாரணத்தோட சொல்லுங்க. அடுத்த முறை "ஒப்படையுங்கள்" என்று அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல், ஊர்ப் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு, முதலில் ஸ்டேஷனில் தகவல் சொல்லச் சொல்லுங்க. நாலு வருஷம் படித்த ஹூப் ஸ்ட்ரெஸ் ஒரு கையைக் காப்பாற்றினால், அந்தப் பேப்பரில் வாங்கின மார்க்கைவிட அது பெரிசு.